மாத்திரை பிடித்த நோன்பு

பெருநாளன்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனால் பிள்ளைகளிடம் முதலில் கேட்கும் கேள்வி, இந்த முறை எத்தனை நோன்பு பிடித்தாய் என்பதுதான். வட்டிலப்பம் அதற்குப் பிறகுதான் வரும். மற்றப் பிள்ளைகள் பன்னிரண்டு, இருபது என்று பட்டென்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் எடுப்பார்கள். எனக்கு ஒன்பது வயதான வருடம் நான் பிடித்த நோன்பு எத்தனை என்று மட்டும் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பத்தொன்பது என்று ராத்தா சொல்வாள். ஒன்பதரை என்று வாப்பா சொன்னார். யோசித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது, அதற்குள்ளும் ஒரு ஜம்புக்காய் போய்விட்டது.

எங்கள் வீடு கண்டிப் பக்கம் அலவத்துகொடையில், பெரிய வீதியிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில் இருந்தது. வாப்பாவுக்கு வீதியோரம் கடை. சுற்றுவட்டாரத்து மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாவற்றையும் வாங்கிக் காயவைத்து, சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்புவார். வீட்டில் உம்மா, என்னைவிட ஏழு வயது மூத்த ராத்தா, நான். பக்கத்து வளவில் வாப்பாவின் தங்கையான மாமியும், என் வயதுக்கு அவருக்கு ஒரு மகனும். அவன் எதிலும் எனக்கு ஒரு படி மேலே இருப்பதற்கென்றே பிறந்தவன்.

நான் எப்படிப்பட்ட பிள்ளை என்று சொல்வதற்கு அந்த வருடம் நான் தொலைத்தவற்றைச் சொன்னால் போதும். ஒரு பள்ளிக்கூடத் தவணைக்குள் மூன்று குடை, இரண்டு தண்ணீர்ப் போத்தல், ஒரு சப்பாத்து. சோடிச் சப்பாத்தில் ஒன்றை மட்டும் எப்படித் தொலைக்க முடியும் என்று வாப்பா கேட்டார். எனக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. குர்ஆன் ஓதுற பள்ளியில் ஓதித் தரும் லெப்பை ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் நான் யன்னலுக்கு வெளியே போய்விட்டிருப்பேன், சில நாள் மனதால், சில நாள் காலாலும். ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை, எங்கே வைத்தாய் என்ற எல்லாக் கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: மறந்துபோனேன். அது உண்மை. ஆனால் ஒரே உண்மையை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? மாமி தண்ணீர் ஓதிக் கொண்டுவந்து தந்தார். இடுப்பில் ஒரு நூல் கட்டினார்கள். நூலையும் தொலைத்தேன்.

கடைசியில் வகுப்பு டீச்சர் உம்மாவைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, உம்மா என்னைக் கண்டிக்கு ஒரு லேடி டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், உம்மாவுக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம். அதனால் ராத்தா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைக் கழற்றி முடித்திருந்தேன். நோய்க்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது, ராத்தா உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். இது பிள்ளையின் குழப்படியும் இல்லை, தாயின் வளர்ப்புப் பிழையும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஸ்டேப்ளருக்காக அழுகிறார் என்று நினைத்து, நான் அதைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று அவருக்குச் சொன்னேன்.

வாப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் தானும் இப்படித்தான் என்றும், தனக்கு யாரும் மாத்திரை தரவில்லை, பிரம்புதான் தந்தார்கள் என்றும் சொன்னார். அதைச் சொன்ன அன்று அவர் கடைத் திறப்பைக் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மாத்திரை தின்றால் பிள்ளை வேறு ஆளாகிவிடுவான் என்பது அவருடைய பயம். தின்னாவிட்டால் பிள்ளையை எல்லோரும் அடித்தே வேறு ஆளாக்கிவிடுவார்கள் என்பது உம்மாவின் பயம். இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியும், யார் என் பக்கம் என்றுதான் பிடிபடவில்லை. ஒருவழியாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நோன்பு தொடங்கும்வரை மாத்திரை. நோன்புக்கு எங்கள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், லீவில் கொடுக்காமல் விட்டாலும் பாதகமில்லை என்று டொக்டரே சொல்லியிருந்தார். அந்த ஒரு மாதம் மாத்திரை இல்லாமல் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பார்ப்பது. பெருநாள் முடிந்து டொக்டரிடம் போக முன் முடிவெடுப்பது.

காலையில் ஒன்று தின்றால் பின்னேரம்வரை நிற்கும் மாத்திரை அது. தின்ற முதல் வாரம் எனக்கு ஞாபகமிருக்கிறது. வகுப்பில் டீச்சருடைய குரல் முதல் தடவையாக முழு வசனமாகக் கேட்டது. அதுவரை துண்டு துண்டாகத்தான் வரும். அது நல்லதா, கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பசி போய்விட்டது. உம்மா கட்டித் தந்த சோறு கட்டியபடியே திரும்பி வந்தது. முதலில் மறந்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பசித்தால்தானே மறக்க முடியும்.

முந்தின வருடம் தலைநோன்பன்று காலை ஒன்பது மணிக்கே நான் சமையலறையில் பாணும் வாயுமாகப் பிடிபட்டவன். அதே வருடம் மாமியின் மகன் பதினைந்து பிடித்திருந்தான். வருடம் முழுக்க எனக்கு ‘ஒன்பது மணி நோன்பாளி’ என்று பெயர். எனவே இந்த முறை தலைநோன்பன்று விடியுமுன் ஸஹர் சாப்பாடு முடிந்து, பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. வேறு யோசனைகளைப் போல வந்த வழியே போகவும் இல்லை. கதிரையைப் போட்டு ஏறி, உம்மா மாத்திரையைப் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பாங்கு சொல்லியது. நோன்பு பிடிக்கும் நிய்யத்தையும் பிழையில்லாமல் சொன்னேன்.

அன்றைக்கு எல்லோரும் ஸுபஹ் தொழுதுவிட்டுப் படுத்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. குர்ஆனை எடுத்து வைத்துக்கொண்டு பாடத்தை ஓதினேன். ஒன்பது மணி வந்து போனது. மத்தியானச் சோற்று நேரமும் வந்து போனது. வாப்பா கடைக்கு வரச் சொன்னார். கடையில் உட்கார்ந்து ஒரு சாக்குக் கராம்பில் காம்பை வேறாகவும் பூவை வேறாகவும் பொறுக்கினேன். கடைக்கு வந்தவர்களிடம் வாப்பா, மகனுக்கு இன்றைக்கு நோன்பு என்று கேட்காமலே சொன்னார்.

அடுத்த நாள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனால், டின் அலுமாரிக்கு மேலே இல்லை. கீழ்த் தட்டில், துவாய்களுக்குப் பக்கத்தில், எனக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. உள்ளே அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் நறுக்கியெடுத்த ஒற்றை மாத்திரை. அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் அதே போல ஒன்று. அதற்கடுத்த நாளும். நோன்பு மாதத்தில் ஷைத்தான்களைக் கட்டி வைத்துவிடுவார்கள், வானவர்களான மலக்குகள் இறங்கி வருவார்கள் என்று லெப்பை சொல்லித் தந்திருந்தார். என்மேல் அவர்களுக்கு இவ்வளவு அக்கறை இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் கேள்வியும் கேட்கவில்லை.

ஐந்து நோன்பு போனது, பத்துப் போனது. மாமியின் மகன் நடுவில் ஒரு நாள் காய்ச்சலில் விட்டுவிட்டான். நான் விடவில்லை. பின்வரிசையில் நின்று முன்வரிசைக்காரரின் தொப்பியைத் தட்டிவிடும் பிள்ளை என்று பெயரெடுத்த நான் ளுஹர் தொழுகையில் அசையாமல் நின்றேன். லெப்பை வாப்பாவிடம் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். அது வாப்பாவின் வாழ்க்கையில் முதல் தடவை. அன்று அவர் வீட்டுக்கு வந்த நடையே வேறு மாதிரி இருந்தது.

பின்னேரங்கள்தான் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. அசர் நேரம் நெருங்கும்போது மாத்திரை இறங்கிப் போய்விடும். போகும்போது அதுவரை அடக்கி வைத்திருந்த பசியையும் துடிப்பையும் மொத்தமாக என் தலையில் கொட்டிவிட்டுப் போகும். கை சும்மா இருக்காது, அழுகை வரும், காரணமில்லாமல் ராத்தாவின் கொப்பியைக் கிழிக்கத் தோன்றும். சரியாக அந்த நேரம் பார்த்து உம்மா என்னைக் கூப்பிடுவார். பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி வரச் சொல்லி வாளியைத் தருவார். ஓடிப்போய் வந்தால், காணாது, இன்னொரு வாளி என்பார். பிறகு பெட்டிஸ் மடிக்கச் சொல்லுவார், தேங்காய் உடைக்கச் சொல்லுவார், வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொல்லுவார். மாமியின் மகன் நிம்மதியாகக் கரம் விளையாடிக்கொண்டிருக்க நான் மட்டும் வேலைக்காரன் போல அலைகிறேனே என்று எனக்கு உம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.

உண்மையில் அந்த நாட்களில் எனக்கு எல்லாமே குழப்பமாக இருந்தது. எல்லோரும் என்னைப் புகழும்போது சந்தோஷமாக இருந்தது. உடனே, இவர்கள் புகழ்வது என்னையா, அந்த வெள்ளை மாத்திரையையா என்று தோன்றியது. ஓதியது யார், தொழுகையில் அசையாமல் நின்றது யார்? மாத்திரைதான் நோன்பு பிடிக்கிறதென்றால் நன்மை யாருக்கு எழுதப்படும்? லெப்பையிடம் கேட்கலாமென்றால் கேட்கும் விதம் தெரியவில்லை.

பத்தொன்பதாவது நாள் நோன்பு திறந்து, வாப்பா பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு உம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

“பாத்தியா, மாத்திர ஒண்டுமில்லாமப் புள்ள எப்பிடி இரிக்கி எண்டு. எல்லாம் நோன்புட பரக்கத். பெருநாளைக்குப் பொறகு டொக்டருமில்ல, ஒண்டுமில்ல.”

உம்மா பெட்டிஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். எனக்குத் திருடனைத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் பத்தொன்பது நோன்பும், வாப்பாவின் அந்த நடையும் போய்விடும். சொல்லாவிட்டால் பெருநாளைக்குப் பிறகு மாத்திரை இல்லை. டீச்சரின் குரல் திரும்பவும் துண்டு துண்டாகிவிடும், நான் திரும்பவும் ஒற்றைச் சப்பாத்துக்காரனாகிவிடுவேன். மாத்திரை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாத்திரை வேண்டாம் என்பதற்கு நானே சாட்சியாகி நிற்கிறேன் என்பதும்.

அடுத்த நாள் ஸஹர் முடிந்து டின்னைத் திறந்தேன். வெறும் டின். துவாய்களை உதறிப் பார்த்தேன், கதிரை போட்டு மேலேயும் பார்த்தேன். பாங்கு சொல்லிவிட்டது. மலக்குகள் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வெறும் வயிற்றுக்காரனைப் போல நிய்யத் வைத்தேன்.

அன்றைக்கு ஓதிய பாடத்தில் முதல் வரியைத் தாண்டவில்லை. கடையில் கராம்பையும் மிளகையும் ஒன்றாகக் கொட்டிவிட்டேன். வாப்பா முகம் சுருங்கினாலும், நோன்புக் களைப்பு என்று வந்தவர்களிடம் சொல்லிச் சமாளித்தார். ளுஹருக்குப் பிறகு கடைக்குப் பின்னால் நிற்கும் ஜம்பு மரத்தில் ஓர் அணில் ஏறுவதைப் பார்த்தேன். அது எங்கே போகிறதென்று பார்க்க நானும் ஏறினேன். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குத் தெளிவாக ஞாபகமிருப்பது, கீழே நின்று மாமியின் மகன் என் பெயரைச் சொல்லிக் கத்தியதும், என் வாய் முழுக்க ஜம்புக்காய் இருந்ததும்தான்.

கையும் களவுமாக என்றால் அதுதான். மாமி வந்துவிட்டார். கடைக்கு மிளகு கொண்டுவந்திருந்த இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மரமேறிப் பறித்துத் தின்றவன் எப்படி மறந்து தின்றிருப்பான், வேண்டுமென்று தின்றதுதான் என்று மாமி தீர்ப்பே சொல்லிவிட்டார். வாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினார்.

“மகன், மறந்தா தின்ட? நெசத்தச் சொல்லு.”

வாழ்க்கையில் ஆயிரம் தரம் யோசிக்காமல் சொன்ன பதில் அன்றைக்கு எனக்கு வரவில்லை. மறந்தேனா, அல்லது நினைத்தும் கை போய்விட்டதா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாது வாப்பா என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, உரத்த குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“மறந்துதான் தின்டிரிக்கான். மறந்து தின்டா நோன்பு முறியாது, அது அல்லாஹ் ஊட்டினது. துப்பிட்டு வாயக் கொப்புளி. நோன்பு நிக்கிது.”

என்னுடைய மறதியை ஒரு மனிதர் நம்பியது அதுதான் முதல் தடவை. அதுவும் வாப்பா. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர்த் தொட்டியடிக்கு அவர் என்னைக் கூட்டிப்போய் வாயைக் கழுவிவிட்டபோது, வேறு யாரும் பக்கத்தில் இல்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பத்தொன்பது நாளும் மாத்திரை தின்றதை, தின்றால் பசிக்காது என்பதை, இன்றைக்கு மாத்திரை முடிந்துபோனதை. வாப்பாவின் கை அப்படியே நின்றது.

“அதுவும் மறந்தா தின்ட?”

“இல்ல வாப்பா. அது மட்டும் ஒரு நாளும் மறக்கல்ல.”

அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மிளகுச் சாக்கில் உட்கார்ந்து, பின்னேரங்களில் பசித்ததா என்று கேட்டார். அசருக்குப் பிறகு தாங்கவே முடியாமல் பசித்தது என்றேன். அப்படியானால் நாளுக்கு அரை நோன்பு உன்னுடையதுதான் என்று சொல்லி, விரலை மடித்து ஒன்பதரை என்றார். பகிடி பண்ணுகிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று அவருடைய முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அன்று நோன்பு திறக்கும்போது முதல் ஈத்தம்பழத்தை என் வாயில்தான் வைத்தார்.

பிறகு அறைக்குள் அவர் உம்மாவிடம் கேட்டது எங்களுக்குக் கேட்டது. அலுமாரியில் மாத்திரை குறைவது உனக்குத் தெரியாதா என்றார். நோன்பு நாளில் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கத் தனக்கு எங்கே நேரம் என்றார் உம்மா. ராத்தா கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், திரும்பக் குனிந்துகொண்டாள். அடுத்த நாளிலிருந்து ஸஹருக்கு என்னை யாரும் எழுப்பவில்லை.

பெருநாள் கழிந்த கிழமை டொக்டரிடம் வாப்பாவும் வந்தார். நாங்கள் சொன்னதை ராத்தா சொல்லச் சொல்ல டொக்டரின் முகம் மாறியது. என்னைத் தராசில் ஏற்றினார், எடை குறைந்திருந்தது. இந்த மாத்திரையைப் பிள்ளையின் கைக்கு எட்டும்படி வைக்கவே கூடாது என்று கடுமையாகச் சொன்னார். அப்போது உம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார். இதைத் தின்றால் பிள்ளை வேறு ஆளாகிவிடுவானா? ராத்தா அதை மொழிபெயர்க்க நிறைய நேரம் எடுத்தாள். முன்கூட்டியே எல்லாம் சொல்ல முடியாது, அளவைக் குறைத்து, சாப்பிட்ட பிறகு கொடுத்து, பிள்ளையையும் கேட்டுக் கேட்டுப் பார்ப்போம் என்று பதில் வந்தது. வாப்பா என் பக்கம் திரும்பினார். இனிமேல் காலையில் நான்தான் குடுப்பேன், நான் மறந்தால் நீ ஞாபகப்படுத்து என்று என்னிடம் சொன்னார். வெளியே வந்து பாதி வழியில் குடையை டொக்டரின் அறையில் விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்ப ஓடினார்.

அவர் வரும்வரை நாங்கள் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். டொக்டர் எழுதித் தந்த துண்டை வைக்க உம்மா கைப்பையைத் திறந்தார். பைக்குள் எட்டிப் பார்ப்பது என் பழக்கம், பார்த்தேன். பஸ் டிக்கெட்டுகளுக்கும் பேனாவுக்கும் நடுவே, கத்தரிக்கோலால் நறுக்கிய ஒற்றை மாத்திரை ஒன்று கிடந்தது. டின்னுக்குள் வழக்கமாக இருந்ததைப் போலவே, நாலு பக்கமும் ஒழுங்காக நறுக்கியது. நான் பார்த்ததை உம்மாவும் பார்த்தார். பையை மூடி மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.

அந்த இருபதாவது மாத்திரையைப் பற்றி நான் இதுவரை உம்மாவிடம் கேட்டதில்லை. நறுக்கியவர் ஏன் வைக்கவில்லை, வைக்காமல் விட்ட அந்தக் காலையில் என்னை வாப்பாவுக்குக் காட்டத் தீர்மானித்துத்தான் விட்டாரா, நான் மரத்தில் நின்றபோது அவர் எங்கே நின்றார் என்றெல்லாம் கேட்க எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தோன்றியது. அன்றைக்கு வாங்கில் எனக்கு வெறும் ஏமாற்றம்தான். மலக்குகள் அந்த நாளும் வந்துதான் இருக்கிறார்கள், அலுமாரியில் வைப்பதற்குப் பதிலாக உம்மாவின் பைக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மறதி என்பது எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியாதா, அதனால் அவர்களை மன்னித்துவிட்டேன்.